மணப்பாட்டுக் கடலில் மழையும் தூண்டிலும்

மணப்பாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று பேருந்து, செலவு, தங்குமிடம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தங்கூசி, அதாவது தூண்டிலின் நைலான் நரம்பு, அறுத்த விரல்கள் இன்னும் எரிகின்றன. எனவே கடலைப் பற்றி எழுதிவிட்டுத்தான் மற்றவை.

ஒரு கோபத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு சுமார் 18 கிலோமீட்டர். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நின்ற என்னிடம் 600 ரூபாய் பேசி ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர், வழியில் மழை பிடித்ததைக் காரணம் காட்டி, இறங்கும்போது 900 ரூபாய் கேட்டார். இரவில் வாக்குவாதம் செய்ய மனமின்றிக் கொடுத்தேன். அது அநியாயமான கூலி. பகலிலேயே போய்விடுங்கள்.

கல்லூரி நண்பனின் பைபர் படகில் விடியுமுன் புறப்பட்டோம். கார்த்திகை மாதம், அன்று புயல் எச்சரிக்கை எதுவும் இல்லை. வானம் மட்டும் கறுத்துக் கிடந்தது. நாங்கள் தேடிப் போனது ஒரு பார், அதாவது கடலடியில் மீன்கள் அடையும் பாறைத்திட்டு. அதற்கான அடையாளங்கள் எல்லாம் கரையில்தான் இருக்கின்றன. மணற்குன்றின் மேல் 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயமும் கலங்கரை விளக்கமும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். வடக்கே ஒரு பனைக்கூட்டம் அதற்குப் பின்னுள்ள மேட்டோடு சேர வேண்டும். இந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பார் இருக்கிறது. நண்பனின் தந்தை அவனுக்குக் காட்டிக் கொடுத்த இடம் அது. ஜிபிஎஸ் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது.

பாதி வழியில் மழை கொட்டியது. குன்றும் ஆலயமும் பனைகளும் ஒரே வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்தன. நான் உண்மையாகவே அஞ்சினேன். நண்பனோ என்ஜினை அடக்கிவிட்டு, ஈயக்குண்டைக் கட்டிய நரம்பை நீரில் இறக்கி, கண்களை மூடிக்கொண்டான். சேறு என்றால் குண்டு மெத்தென்று உட்காருமாம்; மணல் என்றால் மெல்ல இழுபடுமாம்; பாறை என்றால் விரலில் தட்டுமாம். சற்று நகர்ந்து மறுபடி, இன்னும் நகர்ந்து மறுபடி என்று ஆறாவது முறை இறக்கியபோது நரம்பை என் கையில் கொடுத்தான். "தட்டுதா பாரு, மக்கா" என்றான். 12 பாகம் ஆழத்திலிருந்து, ஏறக்குறைய 72 அடிக்குக் கீழிருந்து, அந்தத் தட்டு என் சுட்டுவிரலுக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பயணத்தில் வேறு எதுவும் கிடைக்காமல் போயிருந்தாலும் எனக்கு அதுவே போதும்.

கணவாயைத் துண்டு போட்டுத் தூண்டிலில் கோத்தோம். கனத்த மழை சிற்றலைகளை அமுக்கிவிட்டதால் படகு நான் பயந்த அளவுக்கு ஆடவில்லை. குளிர்தான் வாட்டியது. முதலில் விளமீன்கள், பிறகு நண்பனின் தூண்டிலில் பெரிய கலவா ஒன்று. மழைக்கோட்டு நரம்பில் சிக்கித் தொல்லை கொடுத்தது. அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, உயிர்காப்பு அங்கியை மட்டும் தவறாமல் அணியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மழை விட்டபோது கரையைத் திரும்பிப் பார்த்தேன். ஆலயமும் கலங்கரை விளக்கமும் ஒன்றன்முன் ஒன்றாக, நூல் பிடித்ததுபோல் நின்றன. நான் கத்திவிட்டேன். நண்பன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த இரையைக் கோத்தான்.

தென்கிழக்கில் இடி கேட்டதும் திரும்பிவிட்டோம். மழையென்று வியாபாரிகள் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். சில நிமிடங்களில் ஏலம் முடிந்தது. கிடைத்தது 1,450 ரூபாய், அதில் எண்ணெய்க்கே 800 ரூபாய். விடியுமுன் கிளம்பிய உழைப்புக்கு அது மிகக் குறைந்த விலை என்பதில் எனக்கு ஐயமில்லை. என் பங்குக்கு எண்ணெய்ச் செலவைக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டான்.

கலவாவை அவன் ஏலத்துக்கு விடவில்லை. தேங்காயும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்டு அவன் அம்மா வைத்த குழம்பைச் சுடுசோற்றில் ஊற்றி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். தலைப்பகுதியை எனக்கே வைத்தார்கள்.

திரும்பும்போது பேருந்து, சில பத்து ரூபாய்களில் திருச்செந்தூர் வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமையில் போகாதீர்கள், அன்று படகுகள் கரையிலேயே இருக்கும்.