போனில் இருக்கும் நம்பர் கம்ப்யூட்டருக்கு ஏன் வரவில்லை?

யாராவது வந்து "காண்டாக்ட் சிங்க் ஆக மாட்டேங்குது" என்று சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த நம்பர் எந்த அக்கவுண்டில் சேவ் ஆகியிருக்கிறது? பெரும்பாலும் "போன்லதான்" என்று பதில் வரும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. திரையில் ஒரே பட்டியலாகத் தெரிந்தாலும் பின்னால் அவை வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன: சில கூகுள் அக்கவுண்டில், சில ஆபீஸ் அக்கவுண்டில், சில போனின் சொந்த மெமரியில், இன்னும் சில பழைய சிம் கார்டிலேயே. சிங்க் என்பது அக்கவுண்டில் இருப்பதை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும். மெமரியிலும் சிம்மிலும் இருப்பதை அது பொதுவாகச் சீண்டுவதில்லை. ஆக, சிங்க் ஒழுங்காகத்தான் நடக்கிறது, நம்பர்தான் அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

இதைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். வராமல் அடம்பிடிக்கும் ஒரு காண்டாக்ட்டைத் திறந்து எடிட் கொடுத்தால், ஆண்ட்ராய்டில் பொதுவாக மேலேயே எந்த அக்கவுண்ட் என்று தெரியும். 'சாதனம்' என்றோ 'சிம்' என்றோ இருந்தால் விஷயம் முடிந்தது, அதை அக்கவுண்டுக்கு நகர்த்திவிட வேண்டியதுதான். கூகுளின் காண்டாக்ட்ஸ் ஆப்பில் வேறு அக்கவுண்டுக்கு மாற்றும் வசதியும் சிம்மிலிருந்து இம்போர்ட் செய்யும் வசதியும் இருக்கின்றன. ஐபோனில் இரண்டு மூன்று அக்கவுண்ட் வைத்திருப்பவர்கள் காண்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் அக்கவுண்ட்' எது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாகச் சேர்ப்பதெல்லாம் சத்தமில்லாமல் அங்கேதான் போய்ச் சேரும். ஆப்பிளின் அக்கவுண்டான ஐகிளவுடில் சேவ் ஆனதைக் கூகுளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சரி, அக்கவுண்டில்தான் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால்? அப்போது எந்தப் பக்கம் கோளாறு என்று பிரிக்க வேண்டும். போனும் கம்ப்யூட்டரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை, நடுவில் ஒரு சர்வர், அதாவது அக்கவுண்ட் கம்பெனியின் கம்ப்யூட்டர், இருக்கிறது. பிரவுசரில் கூகுள் காண்டாக்ட்ஸையோ ஐகிளவுடையோ திறந்து அந்தப் பெயரைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் குறை போன் பக்கம். அங்கே இருந்து கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளில் மட்டும் இல்லையென்றால் குறை கம்ப்யூட்டர் பக்கம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நோண்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

போன் பக்கம் என்றால் வழக்கமான சந்தேக நபர்கள் கொஞ்சம்தான். அக்கவுண்ட் செட்டிங்ஸில் காண்டாக்ட்ஸுக்கான ஸ்விட்ச் அணைந்திருக்கும், இல்லை பேட்டரி சேவர் பின்னணி வேலையைத் தடுத்திருக்கும், இல்லை பாஸ்வேர்டு மாற்றிவிட்டு போனில் மறுபடி லாகின் செய்யாமல் விட்டிருப்பீர்கள். தேதியும் நேரமும் தப்பாக இருந்தால்கூட சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் செல்லாது என்று முடிவுகட்டி போன் இணைப்பையே மறுத்துவிடும். இதற்கு நடுவே யாராவது "காண்டாக்ட்ஸ் ஸ்டோரேஜில் போய் டேட்டாவை கிளியர் பண்ணு" என்று சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அக்கவுண்டில் இருப்பவை திரும்பி வந்துவிடும், மெமரியில் மட்டும் இருந்தவை போனது போனதுதான். முதலில் மொத்தத்தையும் ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வேறெங்காவது வைத்துக்கொண்டு அப்புறம் எதையும் தொடுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம் அடிக்கடி பார்ப்பது இது: மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான பழைய அவுட்லுக்கில் ஐமேப் என்ற முறையில் ஜிமெயிலைச் சேர்த்திருப்பார்கள், மெயில் எல்லாம் அழகாக வரும், காண்டாக்ட் ஒன்றுகூட வராது. ஐமேப் என்பது மெயிலுக்கான வழி மட்டுமே, அதில் காண்டாக்ட் பயணிக்காது. காண்டாக்ட்டுக்கென்று கார்ட்டேவ் என்ற தனி நெறிமுறை இருக்கிறது, 2011-இல் தரப்படுத்தப்பட்டது. தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் இதை 91-ஆம் பதிப்பிலிருந்து நேரடியாகவே ஆதரிக்கிறது. ஐகிளவுடை இப்படி வெளி மென்பொருளில் இணைக்க உங்கள் வழக்கமான பாஸ்வேர்டு வேலை செய்யாது, அந்த ஆப்புக்கென்று தனி பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸின் பழைய காண்டாக்ட் ஆப்பான பீப்பிளை நம்பியிருந்தவர்களுக்கு: 2024 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது, அதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். ஐபோனைக் கேபிள் போட்டு சிங்க் செய்கிறவர்கள், போனில் ஐகிளவுட் காண்டாக்ட்ஸ் ஆன் ஆகியிருந்தால் கேபிள் வழி வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. கம்ப்யூட்டரில் மெயில் எழுதும்போது பெயர் தானாக வந்து நிற்கும், போனில் தேடினால் இருக்காது. அது 'மற்ற காண்டாக்ட்கள்' என்ற பகுதியில் ஜிமெயில் தானாகச் சேர்த்து வைத்தது. முறையாக சேவ் செய்தால்தான் போனுக்கு வரும்.

இனி ஃபைல் வழியாக மாற்றுகிறவர்களின் கதை. தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். காண்டாக்ட்களை எக்ஸ்போர்ட் செய்தால் கிடைக்கும் வி.சி.எஃப் ஃபைலில் 2.1, 3.0, 4.0 என்று பதிப்புகள் உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்கள் எக்ஸ்போர்ட் செய்வது 1996 காலத்து 2.1-ஐ. அந்தக் காலத்து முறைப்படி, ஆங்கிலம் அல்லாத எழுத்தை அப்படியே எழுதாமல் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறியும் இரண்டு குறிகளுமாக மாற்றி எழுதும். எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட், எனவே ஒன்பது எழுத்து. 'கயல்' என்ற பெயர் க, ய, ல, புள்ளி என்று நான்கு குறியீடு, ஃபைலுக்குள் 36 எழுத்து. 'தமிழ்ச்செல்வன்' என்றால் பதினான்கு குறியீடு, 126 எழுத்து! ஆனால் ஒரு வரிக்கு 76 எழுத்துதான் கணக்கு, அதனால் பெயர் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும், முதல் வரியின் கடைசியில் 'இன்னும் இருக்கிறது' என்பதற்கு ஒரு சமக்குறி நிற்கும். இதைப் புரிந்துகொள்ளாத மென்பொருள் மிச்சப் பெயரை விழுங்கிவிடும், இல்லையென்றால் அந்தப் பதிவையே தள்ளிவிடும். ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் வந்து, தமிழில் நீளமான பெயர் உள்ளவர்கள் மட்டும் காணாமல் போனால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான்.

ஃபைலை நோட்பேடில் திறந்தால் மேலேயே பதிப்பு எண் தெரியும். 2.1 என்றிருந்தால் அதைப் பிரவுசரில் கூகுள் காண்டாக்ட்ஸுக்குள் இம்போர்ட் செய்து, அங்கிருந்து ஐஓஎஸுக்கான வடிவம் என்று காட்டுவதைத் தேர்ந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள், 3.0-ஆக வரும். இன்னொன்று: பழைய அவுட்லுக்கில் நூறு பேர் உள்ள வி.சி.எஃப் ஃபைலைக் கொடுத்தாலும் முதல் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று சொல்லும். அதற்கு சி.எஸ்.வி-தான் (காற்புள்ளியால் பிரித்து எழுதிய பட்டியல் ஃபைல்) வழி.

சி.எஸ்.வி என்றதும் எல்லாரும் எக்செலில் டபுள் கிளிக் செய்வார்கள். செய்யாதீர்கள். நாட்டுக் குறியீட்டோடு இருக்கும் நம்பரைக் கணக்கு எண் என்று நினைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் கூட்டல் குறியை எடுத்துவிட்டு 9.19E+11 என்கிற மாதிரி சுருக்கிக் காட்டும். அப்படியே சேவ் செய்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் ஃபைலில் எழுதப்படும், கடைசி இலக்கங்கள் காலி. முன்னால் பூஜ்ஜியம் இருந்தால் அதுவும் போய்விடும். டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, எழுத்துக்குறி 65001 (யூடிஎஃப்-8) என்றும் நம்பர் இருக்கும் பத்தி 'டெக்ஸ்ட்' என்றும் தேர்ந்தெடுத்தால் தமிழும் தப்பிக்கும், நம்பரும் தப்பிக்கும்.

ஒரே ஆள் மூன்று முறை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு சிங்க் வழிகளை ஒரே நேரத்தில் ஓடவிடுவது. ஒவ்வொரு அக்கவுண்டும் ஒவ்வொரு பதிவுக்கும் தன் சொந்த அடையாள எண்ணைக் கொடுக்கும், பெயரை வைத்து ஒப்பிடாது. கூகுளிலிருந்து அவுட்லுக், அவுட்லுக்கிலிருந்து ஐகிளவுட், அங்கிருந்து மறுபடி கூகுள் என்று வட்டமாகச் சுற்றவிட்டால், திரும்பி வரும் ஆளைப் புது ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு வழியை வெட்டிவிட்டு அதற்குப் பிறகு டூப்ளிகேட்டுகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், முதலிலேயே சேர்த்தால் மறுநாள் திரும்பவும் முளைக்கும்.

எல்லாம் கைமீறிப் போய்ப் பட்டியலே காலியாகிவிட்டால் பதறி எதையும் அழுத்தாதீர்கள். போனில் நெட்டை அணையுங்கள், அழிப்பு அடுத்த சாதனத்துக்குப் பரவாமல் நிற்கும். அப்புறம் கம்ப்யூட்டரில் கூகுள் காண்டாக்ட்ஸின் செட்டிங்ஸைத் திறந்தால், செய்த மாற்றங்களை ரத்து செய்யும் வசதி இருக்கிறது, கடந்த 30 நாட்களுக்குள் எந்த நிலைக்கு வேண்டுமானாலும் போகலாம். அப்படிப் போகும்போது அந்த நாளுக்குப் பிறகு புதிதாகச் சேர்த்த நம்பர்கள் மறைந்துவிடும் என்பதால் அவற்றை மட்டும் முன்னாடியே எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.