பாரிஸுக்கு நண்பர் வருகிறாரா? முதலில் கிழமையைப் பாருங்கள்

ஊரிலிருந்து ஆள் வருகிறது என்றதும் பலரும் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுத உட்காருவார்கள். பாரிஸில் அந்தப் பட்டியலைக் கிழமைதான் தீர்மானிக்கும். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை மூடல். லூவ்ர் இல்லாத செவ்வாயன்று ஆட்களெல்லாம் வெர்சாய்க்குக் கிளம்பிவிடுவதால் அன்றைக்கு அங்கே போகாமல் இருப்பதே நல்லது. லூவ்ருக்குப் புதன் அல்லது வெள்ளி மாலை போகலாம். இரவு 9 வரை திறந்திருக்கும், பகல் கூட்டமும் கலைந்திருக்கும்.

அடுத்தது பயணச்சீட்டு. மெட்ரோ, ரயில், பேருந்துக்கான நவிகோ வாராந்திர அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. விலை சுமார் 32 யூரோ, அட்டைக்குத் தனியாக 5 யூரோ. விமான நிலையப் பயணமும் இதில் அடக்கம். விமான நிலையச் சீட்டைத் தனியாக எடுத்தால் 2025இல் ஒரு வழிக்கே 13 யூரோ என்பதால், திங்களன்று வந்து அதே வாரத்தில் திரும்புபவருக்குப் போக வரவே பாதிக்குமேல் கழிந்துவிடும். வெள்ளியன்று இறங்குபவருக்கு இது வீண். அவருக்கு 2 யூரோ கொடுத்து நவிகோ ஈசி அட்டை வாங்கி, தேவையான சீட்டுகளை ஏற்றினால் போதும். ஓர் அட்டையை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்டி உள்ளே போக முடியாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். வாராந்திர அட்டைக்கு 25க்கு 30 மில்லிமீட்டர் அளவில் படம் ஒட்ட வேண்டும். நண்பரைப் பாஸ்போர்ட் படம் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். படமும் பெயரும் இல்லாமல் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம்தான்.

சார்ல் தெ கோல் விமான நிலையத்தின் உள்ளே "டாக்ஸி, டாக்ஸி" என்று அணுகுபவர்களிடம் பெட்டியைக் கொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெளியே வரிசையில் நிற்கும் டாக்ஸிக்கு நகருக்குள் நிர்ணயக் கட்டணம். 2025இல் சேன் நதியின் வலக்கரைக்கு 56, இடக்கரைக்கு 65 யூரோ.

முதல் நாள் தூக்கம் கலையாத ஆளை அருங்காட்சியகத்துக்குள் இழுக்காதீர்கள். பொன் நெஃப் மெட்ரோவில் இறங்கி நடக்க விடுங்கள். பெயருக்குப் "புதுப் பாலம்". 1607இல் கட்டி முடித்தது, இன்று நகரில் நிற்கும் பாலங்களில் இதுவே பழையது. அங்கிருந்து சேன் நதித் தீவுக்குள் சாந்த்-சப்பல் தேவாலயம் சில நிமிட நடை. வெயிலடிக்கும் நாளில்தான் அதன் கண்ணாடிச் சாளரங்கள் உயிர்பெறும். நேரம் குறித்த சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பாதுகாப்புச் சோதனை கடுமை. பழம் வெட்டும் சிறு கத்திகூடக் கூடாது. நோத்ர்-தாம் பேராலயம் 2019 தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்தது. உள்ளே போக இலவசம். நுழைவுச்சீட்டு என்று யாராவது விற்றால் அது ஏமாற்று. கோபுரம் ஏறத்தான் கட்டணம் உண்டு, உள்ளே கருவூலத்தைப் பார்க்கவும் தனிக் கட்டணம்.

லூவ்ரில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே வசிப்பவர்களுக்கு 32 யூரோ. இங்கே வசிக்கும் உங்களுக்குக் குறைந்த கட்டணம், ஆனால் வதிவிட அட்டை கையில் இருக்க வேண்டும். உள்ளே எல்லாரும் மோனாலிசாவை நோக்கி ஓடுவார்கள். அது 77க்கு 53 சென்டிமீட்டர்தான், கூட்டத்தில் தலைகள்தான் தெரியும். அதே அறையில் எதிர்ச்சுவரில் வெரோனேசேயின் 'கானா ஊர்த் திருமணம்' கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கிறது. முதுகைக் காட்டி நிற்கும் நண்பரை ஒரு தரம் திருப்பி விடுங்கள். இரண்டரை மணி நேரத்துக்குமேல் எந்தக் காலும் தாங்காது.

ஈபிள் கோபுரத்துக்குப் போக மெட்ரோவின் 6ஆம் பாதை. திரொக்கதேரோவில் இறங்கினால் முழு உருவமும் கண்ணுக்கு முன்னால். மறுபடி ஏறி நசியோன் திசையில் இடப்பக்கச் சாளரத்தருகே உட்கார்ந்தால், பாஸியைத் தாண்டி ரயில் ஆற்றைக் கடக்கும்போது கோபுரம் பக்கத்தில் வரும். இரண்டாம் தளம் வரை 674 படி. முழங்கால் நன்றாக இருந்தால் ஏறலாம். இருட்டியபின் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் விளக்குகள் மின்னும். ஜூனில் சூரியன் மறையவே இரவு 10 ஆகிவிடும், அதற்கேற்பச் சாப்பாட்டை முன்னால் முடியுங்கள்.

மோன்மார்த்ர் குன்றின் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருபவர்கள் விரலைப் பிடித்துவிட்டால் காசு கேட்காமல் விடமாட்டார்கள். கைகளைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுங்கள். இலவசத் தெருக் கழிப்பறையில் ஒருவர் வெளியே வந்ததும் உள்ளே பாயக் கூடாது. கதவு மூடி அது தன்னைத்தானே கழுவிய பிறகே நுழைய வேண்டும்.

நான்காம் நாள் வாக்கில் நாக்கு சோறு கேட்கும். அப்போது லாச்சப்பல். (சாந்த்-சப்பலோடு குழப்பி நண்பரைத் தனியே அனுப்பிவிடாதீர்கள்.) 2ஆம் பாதையில் லா சப்பல் நிறுத்தத்தில் இறங்கினால் ஃபொபூர் சேன்-தெனி தெருவில் தமிழ்ப் பலகைகள் வரிசையாக. அருகில்தான் மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடிவில் தேர்த்திருவிழா ஞாயிறன்று வீதியெல்லாம் தேங்காய் உடையும்.

திரும்பும் நாளுக்கு முந்தைய இரவே விமான நிலையத்துக்குப் போகும் ஆர்இஆர் பி ரயில் ஓடுகிறதா என்று பாருங்கள். வார இறுதியிலும் பின்னிரவிலும் பராமரிப்பு வேலைக்காக நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது.