கீவினாவில் ஏரி வைத்ததுதான் சட்டம்

போனில் பேசும்போதெல்லாம் சித்தப்பா கேட்பது ஒன்றுதான்: "அங்கே மைனஸ் எத்தனை?" குளிரை மட்டும் கணக்கில் எடுத்தால் மினசோட்டாவின் உட்பகுதிகள் எங்களைவிடக் கொடுமை. எங்களுக்கு வாய்த்தது பனி.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கிறது கீவினா கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். மாநிலத்திலேயே அதுதான் குறைவு. கோடையில் வாங்கிய சூட்டை ஏரி லேசில் விடாது. நவம்பரில் கனடாவிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்று அந்த நீர்ப்பரப்பைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரையில் குன்றுகள் மறிக்க, மேலெழும்பிக் குளிர்ந்து, மொத்தத்தையும் இங்கே கொட்டிவிடுகிறது. இதற்குப் புயலே வேண்டியதில்லை. வடமேற்குக் காற்று நிலைத்துவிட்டால் நாள்கணக்கில் ஓயாது. 1978-79 குளிர்காலத்தில் பெய்தது 390.4 அங்குலம், அதாவது 32 அடிக்கும் மேல். அந்த அளவைக் காட்டும் உயரமான கம்பம் 41ஆம் எண் நெடுஞ்சாலையோரம் நிற்கிறது, அண்ணாந்துதான் பார்க்கவேண்டும்.

இங்கே மண்வெட்டியால் பனி அள்ளி மாளாது. வளைந்த கைப்பிடி போட்ட அகலமான தகர முறம் ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கும். 'யூப்பர் ஸ்கூப்பர்' என்பார்கள் ('யூப்பர்' என்றால் மிச்சிகனின் இந்த வடபகுதிக்காரர்). தூக்கவே வேண்டாம். பனிக்கு அடியில் செருகி, சறுக்கியபடியே தள்ளிக்கொண்டுபோய்க் கவிழ்க்கவேண்டியதுதான். புதுப்பனி பஞ்சாக வந்துவிடும். சாலையைச் சுத்தம் செய்யும் லாரி நம் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் வரப்பு இருக்கிறதே, அதுதான் முதுகை ஒடிக்கும். நசுங்கி இறுகிப்போன பனி. கடப்பாரைக்கும் லேசில் மசியாது.

வசந்தத்திலும் ஏரி இதே பிடிவாதம்தான், இந்த முறை குளிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஏரியைவிட்டுத் தள்ளி உள்ளே வெயில் காயும் ஜூன் மாதத்தில் கரையோரம் மூடுபனியும் ஸ்வெட்டருமாக இருப்போம். ஆனால் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஆகஸ்டில் திம்பிள்பெர்ரி பழுக்கும். தொட்டாலே கையில் நசுங்கும் சிவப்புப் பழம், அப்படி ஒரு புளிப்பு! கடைக்கு அனுப்பத் தாங்காது என்பதால் ஜாமாகக் காய்ச்சி விற்கிறார்கள்.

2023-24 குளிர்காலத்தை என்னால் மறக்க முடியாது. ஏரிகளில் பனிக்கட்டி மிகக் குறைவு. திறந்த நீர் அதிகமென்றால் பனியும் அதிகமாகத்தானே பெய்யவேண்டும்? அதற்குக் கடுங்குளிர்க் காற்று வரவேண்டும். அதுவே சரியாக வரவில்லை. பனியில்லாமல் நாய்வண்டிப் பந்தயம்கூட ரத்தானது.

"வேலை மிச்சம்தானே?" என்றார் சித்தப்பா. எனக்குச் சுருக்கென்றது. சுரங்கங்கள் மூடிய ஊர் இது. பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி ஓட்ட வருகிறவர்களை நம்பித்தான் விடுதிக்காரரும் உணவகத்துக்காரரும் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவரும் குளிர்காலத்தை ஓட்டுகிறார்கள். பனி பெய்யாவிட்டால் அவர்களுக்கு வருமானம் இல்லை என்று அவரிடம் விளக்கிச் சொன்னேன்.