ஐப்பசி வெள்ளமும் விதைப்பாசியும்

மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், அதிராம்பட்டினம் கரையில் கப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசியை மூங்கில் மிதவையில் வளர்ப்பவருக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் கண்டம். அந்த இரண்டு மாதம் விதைப்பாசியை, அதாவது மறுபடி கட்டி வளர்க்க வைக்கும் பாசியை, காப்பாற்றியவர், தை பிறந்து கடல் தெளிந்ததும் மிதவை இறக்கலாம். விட்டவர் விதை தேடி இராமநாதபுரம் பக்கம் அலைய வேண்டும்.

இந்தப் பாசிக்கு லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் உப்புள்ள நீர் ஏற்றது. 25-க்குக் கீழே பல நாள் நின்றால் வளர்ச்சி நின்று கிளை ஒடியும். மழைக்காலத்தில் அக்னியாற்று நீரும் கடைமடை வடிகால்களும் சேர்ந்து கடலில் விழுகின்றன. நன்னீர் எடை குறைந்தது; காற்று ஓய்ந்திருந்தால் உப்புநீரோடு கலக்காமல் மேலாகப் படர்ந்துவிடும். மிதவை கிடப்பதும் அந்த மேல்நீரில்தான். ஆகவே உப்பளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டருக்கு நீர் எடுக்கும்போது பாசி கிடக்கும் ஆழத்திலேயே, ஒரு சாண் கீழே, எடுங்கள். அடிநீரை எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். அதற்கு முன், காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு விட்டுக் கருவியைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

அளவு 28-க்கு இறங்கும்போதே முற்றிய பாசியை அறுத்துவிடுவது நல்லது. 25 வரட்டும் என்று காத்திருந்தால் விதையும் போகும். நுனி மழுங்காத இளங்கிளைகளை மட்டும் வலைப்பையில் தளர்வாக இட்டு, முகத்துவாரத்திலிருந்து விலகிய இடத்தில் மூன்றடி ஆழத்தில் கட்டலாம். கலங்கல் நீரில் அதற்குக் கீழே வெளிச்சம் போதாது. பையை நெருக்கி அடைத்தால் நடுவில் கிடப்பது அழுகும். சேறு படிவதால் தினமும் உலுக்கிவிட வேண்டும்.

மிதவைக் கணக்கு எளிது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், நாலு மூலைக்கும் குறுக்குக் கட்டை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம்: மொத்தம் 60 கிலோ விதை. அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் நுனியைக் கடித்துத் தின்னும். நல்ல பருவத்தில் 45 நாளில் 250 கிலோ வரை வரும். அதில் 60 கிலோ மறுவிதைக்குப் போக, மீதி காய்ந்தால் சுமார் 19 கிலோ. 30 நாளிலேயே அறுப்பவர்கள் உண்டு. இளம்பாசியில் காராஜீனன் (பாசியிலிருந்து எடுக்கும் பசை) இறுகும் வலு குறைவு என்பதால் அது நட்டமே.

வெளுப்பைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். செடி முழுக்க மஞ்சளாக மங்கினால் பெரும்பாலும் நைட்ரஜன் பற்றாக்குறை. நீரோட்டமுள்ள இடத்துக்கு நகர்த்தினால் தேறும். கிளையின் நடுவே ஒரு துண்டு மட்டும் பனிக்கட்டிபோல வெளுத்தால் அது ஐஸ்-ஐஸ் நோய். சித்திரை, வைகாசியில் நீர் சூடேறி அசைவற்றுக் கிடக்கும்போதும் இது வரும். வெளுத்த இடத்துக்கு அப்பால் வெட்டி எறிந்துவிட்டு, மீதியை உடனே அறுத்துக் காயவைப்பதே வழி.

மணலில் பரப்பாதீர்கள், ஒட்டிய மணலுக்கு வியாபாரி எடை கழிப்பார். தரைக்கு மேலே வலைப்பந்தல் கட்டி இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் போதும். காய்ந்த பாசிமேல் வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. பூசணம் என்று நினைத்து நல்ல தண்ணீரில் அலசக் கூடாது. பாதி காய்ந்ததில் மழை பட்டாலும் அதே கேடுதான்: உப்போடு பசையும் கரைந்து போகும். மேகம் கறுத்தால் தார்ப்பாய் மூடுங்கள். மழை விட்டதும் உடனே திறந்துவிடுங்கள், உள்ளே புழுங்கினால் ஒரே இரவில் நாறிவிடும்.