பழைய கணினிக்குப் புளூடூத்: டாங்கிளை எங்கே செருகுவது?

முதலில் கணினியில் புளூடூத் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (கணினியில் உள்ள சாதனங்களின் பட்டியல்) புளூடூத் என்று தனித் தலைப்பு தெரிந்தால் செலவு மிச்சம். தெரியாவிட்டாலும், லேப்டாப்பாக இருந்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) அணைத்து வைத்திருக்கலாம், டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) போடாமலும் கிடக்கலாம். இல்லையென்றால் யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு புளூடூத் கருவியான டாங்கிள் ஒன்று போதும், பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

டாங்கிளின் அட்டைப்பெட்டியில் புளூடூத் பதிப்பு 5.3, 5.4 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே என்ன சிப் என்பதுதான் கேள்வி. மலிவான டாங்கிள்களில் அதிகம் வருபவை இரண்டு: சிஎஸ்ஆர் 8510, ரியல்டெக் 8761. முதலாவது புளூடூத் 4.0 வகை. மவுஸ், கீபோர்டு, ஹெட்போனுக்கு அது தாராளம், ஆனால் சந்தையில் போலிகள் மலிந்துவிட்டன. போலியை விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் சாதனத்தைத் தேடினால் எதுவும் சிக்காது, அல்லது இணைந்தது அறுந்துபோகும். ரியல்டெக் இன்று பாதுகாப்பான தேர்வு. லினக்ஸில் மட்டும் அதற்குரிய ஃபர்ம்வேர் (சிப்பின் உள்மென்பொருள்) கோப்பு இருக்க வேண்டும், பழைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்தச் சிப்பைக் கண்டுகொள்ளாது.

விண்டோஸ் 10 என்றால் இணையத்தோடு இணைத்துவிட்டு டாங்கிளைச் செருகினால் பெரும்பாலும் டிரைவர் தானாக வந்துவிடும். விண்டோஸ் 7 வேறு கதை. அதில் உள்ளதை வைத்து ஹெட்போனில் ஸ்டீரியோ பாட்டுக் கேட்க முடியாது, டாங்கிள் தயாரிப்பாளரின் மென்பொருள் வேண்டும். குறைந்த மின்சார வகைப் புளூடூத்தை விண்டோஸ் 8 முதல்தான் ஆதரிக்கிறது. அந்த வகைப் புது மவுஸை விண்டோஸ் 7-இல் இணைக்கத் திணறுவது இதனால்தான்.

இனி முக்கியமான விஷயம். பலர் டாங்கிளைக் குறை சொல்லும் இடத்தில் தவறு செருகிய இடத்தில் இருக்கும். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது கசியும் இரைச்சல் அதே அலைவரிசையில் வந்து விழுகிறது. நீல நிற போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், அதை ஒட்டி டாங்கிள், முன்னால் இரும்புக் கேபினெட்: ஃபைல் காப்பி ஆகும்போது மவுஸ் அம்பு தவ்வித் தவ்விப் போகும், பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் சரியானால் சந்தேகமே வேண்டாம். கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது, 1 மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நெரிசல் இன்னும் குறையும்.

லேப்டாப்பில் பழைய புளூடூத் பழுதாகித்தான் டாங்கிள் போடுகிறீர்கள் என்றால், பழையதை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்யுங்கள். விண்டோஸ் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் ஒழுங்காக நடத்தும்.

வைஃபை கார்டையே மாற்றலாம் என்பவர்களுக்கு: மினி பிசிஐஇ கார்டில் (லேப்டாப்பினுள் செருகும் சிறு கார்டு) புளூடூத் அந்த ஸ்லாட்டின் யூஎஸ்பி இணைப்பு வழியாகத்தான் ஓடுகிறது. மதர்போர்டில் அந்த இணைப்பு இல்லையென்றால் வைஃபை வரும், புளூடூத் வராது. சில லேப்டாப் பயாஸ்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் கணினியைத் தொடங்கவே விடாது. டெஸ்க்டாப் பிசிஐஇ கார்டிலும் இதே கதைதான்: கூட வரும் சிறு கேபிளை மதர்போர்டின் 9 பின் யூஎஸ்பி ஹெடரில் (ஊசிகள் கொண்ட இணைப்பிடம்) மாட்ட மறந்தால் புளூடூத் தலைகாட்டாது.

ஹெட்செட் இணைந்தபின் பாட்டு பழைய தொலைபேசி போல் கேட்டால், ஏதோ ஒரு செயலி அதன் மைக்கைத் திறந்திருக்கிறது. மைக் வேலை செய்யும்போது ஒலி மோனோவுக்கு இறங்கிவிடும். வெப்கேமின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஸ்டீரியோ திரும்பும். சற்று நேரம் சும்மா விட்டால் அறுந்துபோகிறது என்றால், டாங்கிளின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

வயருள்ள கீபோர்டு ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் எழும்பும்வரை இந்த டாங்கிளில் புளூடூத் கீபோர்டு உயிர் பெறாது, பயாஸுக்குள் போக வயருள்ளதுதான் கைகொடுக்கும்.