யார் கை வேலை செய்கிறது?

ஒன்றாம் வகுப்புக்கு ஒரு செயல்பாட்டை யோசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகளின் கையோ வாயோ வேலையில் இருக்கும்? எத்தனை பேர் தன் முறை வரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? ராத்திரி கண் விழித்து, சார்ட்டும் கத்தரிக்கோலும் பசையுமாகச் செய்யும் எழுத்துப் பூ, எழுத்து ரயில், எழுத்து மரம் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில் தோற்றுவிடும். பார்வையிட வருபவர்கள் பாராட்டுவார்கள், படம் எடுப்பார்கள். வகுப்பில் நடப்பது வேறு. ஒரு பிள்ளை முன்னால் வந்து இதழைப் பறித்து எழுத்தைப் படிக்கும். மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவன் காதைத் திருகிக்கொண்டிருப்பார்கள். ஆசிரியருக்கு வேலை அதிகம், பிள்ளைக்கு வேலை குறைவு என்றால் அது அலங்காரம். நான் தேடுவது இதற்குத் தலைகீழானது.

அந்த வகையில் சிலேட்டை மிஞ்சிய கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. "மரம்னு எழுதுங்க" என்றதும் எல்லாரும் எழுதுவார்கள். "தூக்கு" என்றதும் எல்லாச் சிலேட்டும் தலைக்கு மேலே. ஒரே பார்வையில் யாருக்கு வந்திருக்கிறது, யார் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதியது, யார் 'ரம்' என்று மட்டும் எழுதியது என்று தெரிந்துவிடும். பேப்பர் திருத்த வேண்டாம். தப்பை அழித்துவிடலாம் என்பதால் பிள்ளைக்குப் பயமும் இல்லை. சாக்பீஸைச் சின்னத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். நீளமாக இருந்தால் முழுக்கையால் பிடித்து இழுப்பார்கள். துண்டாக இருந்தால் மூன்று விரலால் பிடிப்பதைத் தவிர வழியில்லை. பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை பாதி அதிலேயே முடிந்துவிடும். சிலேட்டு இல்லாவிட்டால் சுவரின் கீழ்மட்டக் கரும்பலகை. செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தானாகவே கற்கும் அரசுத் திட்டம், இருந்த காலத்தில் தரைக்குச் சற்று மேலே ஆளுக்கொரு கட்டமாக அடித்துக் கொடுத்த கறுப்பு வண்ணம் பல பள்ளிகளில் இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்தத் திட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் உருவான அட்டை முறையை முன்மாதிரியாகக் கொண்டு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, மைல்கல், தட்டு, அட்டை என்று ஆசிரியர்களிடையே ஒரு தனிப் பேச்சுமொழியே அதனால் உண்டானது. அதில் குறை சொன்னவர்களும் உண்டு, அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. அட்டை எண்ணைத் தேடி எடுப்பதிலேயே பல பிள்ளைகளின் காலை நேரம் போய்விடும். ஆனால் பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, கையில் பொருளைக் கொடுத்து, ஆசிரியரையும் கீழே உட்காரச் சொன்னது அதுதான். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். பெயர்கள் அழகானவை. எது கீழ்நிலை என்பதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதும் உண்மை. இந்தத் திட்டங்கள் தேவைப்பட்டதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும் இடத்தில், நான் மூன்றாம் வகுப்புப் பக்கம் திரும்பும்போது ஒன்றாம் வகுப்பு தானாக ஓட வேண்டும். செயல்பாடு என்பது அங்கே ஆசை அல்ல, அவசியம்.

எழுத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்து 247 என்று பெருமையாகச் சொல்வோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இவற்றை வரிசையாக ஒப்பிக்கவைத்தால் பிள்ளை பாட்டாக ஒப்பிக்கும். நடுவில் ஒன்றைத் தொட்டுக் கேட்டால் முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் பதில் சொல்லும். அதில் 'ஙௌ'வும் அடக்கம், எந்தச் சொல்லிலும் அதை எழுதப்போவதில்லை. நான் ட, ப, ம என்று தொடங்குவேன். பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன எளிய வடிவங்கள் அவை, இந்த மூன்றும் ஒரு புள்ளியும் இருந்தாலே 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று சொல் கிடைத்துவிடும். முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைத் தானாகப் படித்த பிள்ளையின் முகமே வேறு.

'க் கூட அ சேர்ந்தா க' என்ற பாடத்தை ஐந்து வயதில் நான் எடுப்பதில்லை. அந்த வயதில் காது அசையைத்தான் பிரிக்கும். 'அம்–மா', 'பட்–டம்' என்று கைதட்டச் சொன்னால் எல்லாரும் தட்டுவார்கள். 'க'வை இரண்டாக உடைக்கச் சொன்னால் விழிப்பார்கள். கைதட்டல், பெயருக்கு எத்தனை தட்டு என்று எண்ணுதல், 'மரம்ல முதல் எழுத்தை முழுங்கிட்டா என்ன?' என்று கேட்டு 'ரம்' வரவைத்தல், இவையெல்லாம் வரிசையில் நின்று கை கழுவும் நேரத்துக்குக்கூடப் போதும். எந்தப் பொருளும் வேண்டாம்.

சிக்கல் வருவது ஒற்றைக்கொம்பில். 'கெ' என்று சொல்லும்போது முதலில் கேட்பது 'க', முதலில் எழுத வேண்டியதோ கொம்பு. காதும் கையும் எதிரெதிராகப் போகும் இடம் அது. 'கொ' வந்தால் ஒரே ஓசைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பிள்ளை கொம்பைப் பின்னால் போடுவதை அறியாமை என்று நினைக்கக்கூடாது, கேட்ட வரிசையில் எழுதுகிறது. இதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஆளுக்கொரு கொம்பு, ஒரு துணைக்கால், நாலைந்து எழுத்து என்று பழைய உறையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். "பெ வை... இப்ப போ ஆக்கு... இப்ப பா ஆக்கு" என்று நான் சொல்லச் சொல்ல எல்லார் கையும் துண்டுகளை நகர்த்தும். 'போ' ஆக்க இரட்டைக்கொம்பு வேண்டுமே என்று யாராவது கத்தினால் அன்றைய பாடம் முடிந்தது. கு, சு, டு, து, பு வரிசைக்கு இந்த வழி செல்லாது. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், குறுக்குவழி கிடையாது. குடை, சுவர், துணி, புலி என்று சொல்லோடு சேர்த்துத்தான் மனதில் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று, பிள்ளைகளின் பெயர்கள். வருகைப் பதிவுக்குத் தன் பெயர் எழுதிய அட்டையைத் தானே எடுத்துத் தொங்கவிடச் சொன்னால், அதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி இல்லை. ஆனால் இப்போதைய பெயர்களில் ஷ், ஜ, ஸ்ரீ, ஹ இல்லாத பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகம் கடைசியில் சொல்லித்தரும் எழுத்து அந்தப் பிள்ளைக்கு முதல் எழுத்து. நான் புத்தக வரிசையை அங்கே விட்டுவிடுவேன். தன் பெயரை முழுப் படமாக அடையாளம் கண்டால் போதும், உடைத்துப் படிக்க அவசரமில்லை.

சொல் விளையாட்டுகளில் எனக்குப் பிடித்தது கடைசி எழுத்தில் அடுத்த சொல். அதை வட்டமாக உட்காரவைத்து ஆடினால் மறுபடியும் காத்திருப்புதான், அதனால் இரண்டு இரண்டு பேராக. ஆடத் தொடங்கினால் தமிழின் ஒரு பழைய இலக்கணம் தானாக மேலே வரும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எட்டும் சொல்லுக்கு முதலில் வராது என்று மேல் வகுப்பில் படிப்போம். 'கடல்' என்று முடிந்தால் எதிராளி 'லாரி' என்று தப்பித்துவிடுவான், இல்லாவிட்டால் 'லீவு'. 'ர்' வந்தால் 'ரப்பர்', 'ட' வந்தால் 'டயர்' அல்லது 'டீச்சர்'. 'மான்' என்றால் 'நாய்' என்பார்கள். ஓசை சரியாக இருப்பதால் விட்டுவிடுவேன், றன்னகரம் தந்நகரம் எல்லாம் பிறகு. ஆனால் 'ள்', 'ழ்' இரண்டுக்கும் தப்பிக்க வழியே இல்லை. இதைக் கண்டுபிடித்த ஒரு பெண், முள், தேள், நாள், வாள் என்று சேர்த்துவைத்துக்கொண்டு எல்லாரையும் வரிசையாகத் தோற்கடித்தாள். "டீச்சர், இவ வேணும்னே முள்ளு முள்ளுன்னே சொல்றா!" என்று புகார் வந்தது. பிறகு பிள்ளைகளே ஒரு விதி போட்டார்கள். 'ள்'ளில் முடிப்பவர், அந்த எழுத்து நடுவில் வரும் இன்னொரு சொல்லையும் தானே சொல்ல வேண்டும். 'பள்ளி', 'வெள்ளை' என்று சொற்கள் பெருகியது அந்த விதியால்தான். நான் யோசித்திருந்தால் இவ்வளவு நல்ல விதி வந்திருக்காது.

கணக்கிலும் இதே கதை. 'இருபத்து மூன்று எழுது' என்றால் பலரும் 203 என்று எழுதுவார்கள். 20 எழுதி, பக்கத்தில் 3. கேட்டதை அப்படியே எழுதிய கை அது, அடித்து எழுதவைப்பதில் பயனில்லை. 10, 20, 30 என்று அகலமான அட்டைகளும் ஒன்று முதல் ஒன்பது வரை பாதி அகல அட்டைகளும் செய்து கொடுத்தால், 20இன் சைபர் மேல் 3ஐ வைத்து மூடும்போது சங்கதி விளங்கிவிடும். சைபர் போய்விடவில்லை, அடியில் இருக்கிறது. அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். கூடவே பத்துப் பத்துக் குச்சியாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள் இருந்தால் இடமதிப்பு என்ற வார்த்தையே இப்போதைக்கு வேண்டாம். எண்ணிக்கொண்டே போகையில் எண்பத்தொன்பதுக்குப் பிறகு 'எண்பத்துப் பத்து' வரும். அதற்குக் குழந்தையைக் குற்றம் சொல்ல முடியாது. மற்ற பத்துகள் ஒழுங்காக இருக்க, 'தொண்ணூறு' மட்டும் தனி வழி போகிறது.

எண்ணத் தெரிகிறதா என்பதற்கு ஒப்பிப்பதைக் கேட்காதீர்கள். ஏழு புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லி, எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். சிலர் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். எண்ணிய கொட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே எண்ணும் பழக்கம் அதற்கு நல்ல மருந்து. ஒரு பையன் மாதக்கணக்கில் வகுப்பில் வாயே திறக்கவில்லை. சிலேட்டு விநியோகிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். ஒருநாள் கொடுத்துக்கொண்டே வந்து, "ரெண்டு குறையுது டீச்சர்" என்றான். எங்கள் உரையாடல் அங்கேதான் தொடங்கியது, அதுவும் கணக்கில்.

கேள்வி கேட்டுவிட்டுப் பொறுப்பது பற்றி மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. மூன்று விநாடி என்பது வகுப்பில் நின்று பார்த்தால் யுகம் மாதிரி இருக்கும். நான் மனதுக்குள் எண்ணிக்கொள்வேன். அதற்குள் கத்தும் கெட்டிக்காரர்களுக்கு, பதில் தெரிந்தால் காதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு ஏற்பாடு. முகத்தில் பெருமை வழியக் காதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் நம் ஒன்றாம் வகுப்பில் சேர்கிறார்கள். தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர்களுக்கு நான் நம்புவது கட்டளை விளையாட்டு. எழு, உட்கார், கதவைத் தொடு, மூக்கைப் பிடி, மெதுவா நட. எல்லாரும் செய்வதால் அந்தப் பிள்ளை மற்றவர்களைப் பார்த்துச் செய்யலாம். அதற்குச் சொல் தெரியாது என்பது யாருக்கும் தெரியவராது. கொஞ்ச நாளில் கட்டளை இடுபவராக அவரையே நிறுத்திவிடுவேன். 'உக்கார்' என்று ஒரு சொல் சொன்னால் மொத்த வகுப்பும் உட்காரும். அந்த அதிகாரத்தின் ருசிக்காகவே இன்னும் நாலு சொல் கற்றுக்கொள்ளும்.

சத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள். கைகட்டி வாய்பொத்தி உட்காரவைத்த வகுப்பு அமைதியாக இருக்கும், வேலை நடக்காது. நான் தாளம் ஒன்றைக் கைதட்டுவேன், அதே தாளத்தை எல்லாரும் திருப்பித் தட்ட வேண்டும். தட்டும்போது யாராலும் பேச முடியாது. உரக்கக் கத்துவதைவிட என் தொண்டைக்கும் நல்லது. மற்றபடி வேலை நடக்கும் இரைச்சலும் வேலையில்லாத இரைச்சலும் வேறு வேறு. நாலு நாள் கேட்டால் காது பழகிவிடும்.

இதில் எல்லாம் தீராத ஒரு வழக்கு பெற்றோருடன். "நோட்டுல ஒண்ணுமே இல்லையே டீச்சர், எழுதவே வைக்கலையா?" என்று மாலையில் வாசலில் நிற்பார்கள். சிலேட்டில் எழுதியது அழிந்துபோய்விடுகிறது, அட்டைத் துண்டுகள் உறைக்குள் போய்விடுகின்றன, அவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. விளக்கம் சொல்லிப் புரியவைப்பதை நான் நிறுத்திவிட்டேன். பிள்ளையை அங்கேயே நிறுத்தி, உறையைத் திறந்து, "அம்மாவுக்கு ஒரு சொல் செஞ்சு காட்டு" என்பேன். கொம்பை முன்னால் வைத்து, துணைக்காலைப் பின்னால் வைத்து, 'கொடி' என்றோ 'பொடி' என்றோ படிக்கும். அதன் பிறகு சிலர் சமாதானமாகிப் போவார்கள். சிலர், "சரி டீச்சர், ஆனாலும் ஒரு பக்கம் எழுதக் குடுங்க" என்பார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் கொடுத்துவிடுகிறேன்.