எட்டு நிமிஷ ஏரி

டிசம்பர் 8

காவேரிப்பட்டணம். மாமனார் வீட்டு மாடி அறை. கயாக் பை கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை, கதவுக்குப் பின்னால் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். "உள்ள என்ன மாப்ள, மெத்தையா?" என்றார் அத்தை. காற்றடித்தால் படகு என்றேன். பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

டிசம்பர் 10

தூக்கம் இல்லை. நோட்டில் கோடு போட்டு இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் வீடு திரும்ப ஆகிற நிமிஷம் என்று எழுதினேன்.

கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை, பக்கம்தான். 52 அடி அணை, கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். ஆனால் நினைத்தவன் நினைத்த இடத்தில் படகை இறக்க முடியாது, மீன்பிடி உரிமை வேறு ஆட்களுடையது. எதிர்காற்று அடித்தால் என் காற்றுப்பை கரை சேர அரை நாள் ஆகும். (2017 நவம்பரில் மதகு உடைந்த கதையை மாமா நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார். மூன்றாவது முறை கேட்டாயிற்று.) அவதானப்பட்டியில் படகு இல்லம் இருக்கிறது, பெடல் படகுகளுக்கு நடுவில் நான் தூண்டில் இழுத்துக்கொண்டு போனால் செல்ஃபி எடுப்பார்கள். கெலவரப்பள்ளி ஓசூர் தாண்டி, போக ஒரு மணி நேரத்துக்கு மேல். போனாலும் தென்பெண்ணையில் வருகிற அந்த நுரைக்குள் கையை விட மனம் வராது. பாரூர் ஏரி அழகு. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. பைக்கில் அரை மணி.

அரை மணி அதிகம்.

அமெரிக்காவில், நான் இருந்த சியாட்டிலில் ஏரி பார்க்கிற கணக்கே வேறு. எந்த ஏரியில் என்றைக்கு ரெயின்போ டிரவுட் மீன் விட்டார்கள் என்று மீன்வளத்துறையே வலைத்தளத்தில் போட்டுவிடும். கோடையில் மேல்தண்ணீர் சூடாகிவிட்டால் டிரவுட் ஆழத்துக்குப் போய்விடும். குளிர்காலத்தில் மேலிருந்து அடிவரை ஒரே குளிர், அதனால் கைக்கெட்டுகிற ஆழத்துக்கே வந்துவிடும். ஈயம்கூடக் கட்ட வேண்டாம். சின்ன ஸ்பூன் (மீனை ஏமாற்ற மின்னுகிற கொக்கித் தகடு) ஒன்று, பின்னால் 30 மீட்டர் நரம்பு, நடப்பதைவிட மெதுவாகத் துடுப்பு. விரல் மரத்துப்போகும். யாரும் போன் பண்ண மாட்டார்கள்.

இங்கே டிரவுட் வேண்டுமென்றால் நீலகிரி ஏற வேண்டும்.

டிசம்பர் 13

அவளுக்கு 36 வாரம் முடிந்தது.

டிசம்பர் 14

ஊருக்குப் பின்னாலேயே ஒரு ஏரி இருக்கிறதாம். இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. "அதெல்லாம் ஒரு ஏரியா மாப்ள" என்றார் மாமா. வாசலிலிருந்து கரைக்கு எட்டு நிமிஷம், ரயில்வே கேட் கிடையாது. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

டிசம்பர் 16

மார்கழி முதல் நாள். நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர். அவளும் விழித்துத்தான் இருந்தாள். ஒருக்களித்துப் படுத்தபடி, "போய்ட்டு வாங்க, இங்க உக்காந்து என்னையே பாத்துட்டு இருக்காதீங்க" என்றாள்.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்த அண்ணன் கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். சங்கடத்தோடுதான் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார், பாதியை விரால் தின்றுவிடுகிறதாம். "விராலு எவ்வளவு மாட்டுனாலும் எடுத்துக்கங்க மாப்ள. கட்லா உங்க தகட்டைத் திரும்பிக்கூடப் பாக்காது." அது உண்மைதான், கட்லா தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிரை வடிகட்டித் தின்கிற சாதி.

இரண்டு சுற்று. நடுவில் ஏரி வெறிச்சென்று இருந்தது. நெற்றியில் பனி. போன் உறையோடு கழுத்தில் தொங்குகிறது. நடு ஏரியில் சிக்னல் இரண்டு கோடு, தெற்கு மூலையில் கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நிற்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. விரால் இருப்பதோ அந்த மூலையில்.

டிசம்பர் 17

நேற்று கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். கயாக்கைக் காற்று இறக்கி, துடைத்து, மடித்துக் கட்ட இருபது நிமிஷம். ஆக எட்டு நிமிஷம் இல்லை, இருபத்தெட்டு. பாரூருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டிசம்பர் 19

பாட்டி கூப்பிட்டார். அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இந்த மாசத்துல உசுரு எடுக்கக் கூடாது சாமி. முடிகூட வெட்டாத." தாடி ஏற்கெனவே அரிக்கிறது. சரிங்க பாட்டி என்றேன். அத்தை உள்ளேயிருந்து, "விராலு அப்புறமா ஆகும், பத்தியத்துக்கு நல்லது, இப்ப வேண்டாம்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது, என்னை யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 20

கட்டிங் பிளேயரால் மூன்று கொக்கியையும் நறுக்கினேன். ஸ்பூன் இப்போது வெறும் தகடு.

டிசம்பர் 22

கொக்கி இல்லாமல் இழுப்பது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். இல்லை. கருவேல வேரில் மாட்டுவதில்லை, வேலம்பாசி மட்டும்தான் சுற்றுகிறது. ஏழு மணிக்கு மேல் வெயில் விழுந்ததும் விரால் மூச்சு வாங்க மேலே வந்தது: ஒரு 'பளக்', பிறகு வட்டம் வட்டமாக. செவுளோடு காற்றையும் நம்பி வாழ்கிற மீன், வராமல் இருக்க முடியாது. குளிரில் அதற்கு மந்தம், தகட்டை விரட்டி வரவில்லை. விரால் புதருக்குள் உட்கார்ந்து அடிக்கிற சாதி, டிரவுட் போலத் திறந்த தண்ணீரில் துரத்தாது என்று முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தும் இழுக்கிறேன்.

குத்தகை அண்ணன் கரையிலிருந்து கத்தினார்: "வாத்து மாதிரி சுத்திட்டே இருக்கீங்களே மாப்ள, ஒண்ணுகூடவா மாட்டல?" கொக்கி விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது?

டிசம்பர் 24

கால் வீக்கம். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கொஞ்சம் அதிகம், வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொன்னார்கள். ஏரிக்குப் போகவில்லை.

டிசம்பர் 25

போகவில்லை.

டிசம்பர் 27

நேற்று பார்த்ததில் பரவாயில்லை என்றார்கள். எந்த அளவு பரவாயில்லை என்று கேட்டேன். அவள் என் கையைக் கிள்ளினாள்.

இரவு நிப்பட்டு தின்றுகொண்டே அவள் கேட்டாள்: "அந்த ஊர்ல பிடிச்ச மீனையெல்லாம் என்ன பண்ணுவீங்க?" பாதியைத் திரும்ப விட்டுவிடுவேன் என்றேன். "மீதி?" வெண்ணெயில் வறுப்பேன். "எனக்குப் போட்டோகூட அனுப்பல" என்றாள். அனுப்பியிருக்கிறேன். அப்போது அவளுக்கு இங்கே இரவா பகலா என்று பார்க்காமல் அனுப்பினேன்.

டிசம்பர் 30

தெற்கு மூலைக்குப் போவதை விட்டுவிட்டேன். இரண்டு கோடு தெரிகிற இடத்திலேயே சுற்றுகிறேன். மாந்தோப்புப் பக்கம் பூ வாசம் வர ஆரம்பித்திருக்கிறது. துடுப்பு வேகம் மணிக்கு 2.5 கிலோமீட்டர்.

ஜனவரி 2

தகட்டை ஏதோ தட்டியது. ஒரே தட்டு. கொக்கி இருந்திருந்தால் என்று நினைத்தேன், உடனே பாட்டி ஞாபகம். வீட்டில் சொல்லவில்லை.

ஜனவரி 4

கயாக்கைக் காற்று இறக்காமல் அப்படியே அண்ணனின் மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டு வந்தேன்.